ரெய்டு கன்ட்ரோலர் சும்மா இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா? கமாண்ட் லைனில் கண்டுபிடிப்பது

கேள்வி இதுதான்: சர்வரில் ஹார்ட்வேர் ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, பெரும்பாலும் ஒன்று போனாலும் தரவு பிழைக்கும்படி நடத்தும் கன்ட்ரோலர்) இருக்கிறது. கிராபிக்கல் மென்பொருள் எதுவும் போடவில்லை, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கமாண்ட் தட்டும் வழி) வழியாக மட்டுமே உள்ளே போக முடியும். டிஸ்க் போனால் எப்படித் தெரிந்துகொள்வது? தானாக அலர்ட் வர என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒரு குறிப்பு. கமாண்டுகளைக் கீழே வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் கீபோர்டில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். சாய்கோடு, சமக்குறி, எண்கள் எல்லாம் அப்படியேதான்.

ஹார்ட்வேர் ரெய்டில் லினக்ஸுக்குத் தெரிவது கன்ட்ரோலர் காட்டும் ஒரே ஒரு பெரிய டிஸ்க் மட்டும். அதன் பின்னால் நான்கு டிஸ்க் இருக்கிறதா, எட்டு இருக்கிறதா, அதில் ஒன்று செத்துவிட்டதா என்பதெல்லாம் கார்டிலேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குத்தான் தெரியும். ரெய்டு 5 அரேயில் (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் டிஸ்க் தொகுப்பு) ஒரு டிஸ்க் போன பிறகும் 'டிஎஃப்' கமாண்ட் வழக்கம்போல இடம் காட்டும், டேட்டாபேஸ் ஓடும், யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். சில டிரைவர்கள் கெர்னல் லாகில் ஒரு வரி எழுதிவைக்கும், அதை நம்பி இருக்க முடியாது. ஆகவே கார்டிடம் நேரடியாகக் கேட்கத் தெரிந்த கருவி வேண்டும்.

எந்தக் கார்டு என்று தெரியாவிட்டால் 'எல்எஸ்பிசிஐ' கமாண்டின் வெளியீட்டில் ரெய்டு, எஸ்ஏஎஸ் என்ற சொற்களைத் தேடுங்கள். மெகாரெய்டு குடும்பம் என்றால் ஸ்டோர்சிஎல்ஐ. டெல் சர்வர்களில் வரும் பெர்க் கார்டும் பெரும்பாலும் அதே சிப்தான், கருவியின் பெயர் மட்டும் பெர்க்சிஎல்ஐ, கமாண்டுகள் ஒன்றே. எச்பி ஸ்மார்ட் அரே என்றால் எஸ்எஸ்ஏசிஎல்ஐ. பழைய சர்வரில் அதுவே எச்பிஎஸ்எஸ்ஏசிஎல்ஐ என்றோ, அதற்கும் முந்தைய எச்பிஏசியுசிஎல்ஐ என்றோ இருக்கும். அடாப்டெக் என்றால் ஆர்க்கான்ஃப். 3வேர் என்றால் டிடபிள்யூ_சிஎல்ஐ. மெகாரெய்டு ஃபர்ம்வேர் இல்லாத எளிய எல்எஸ்ஐ கார்டுகளுக்கு எஸ்ஏஎஸ்2ஐஆர்சியு, எஸ்ஏஎஸ்3ஐஆர்சியு. எல்லாவற்றுக்கும் ரூட் உரிமை வேண்டும்.

அதிகம் புழங்குவது மெகாரெய்டு என்பதால் அதையே விரிவாகப் பார்ப்போம். கருவி வழக்கமாக ஆப்ட் டைரக்டரிக்குக் கீழே மெகாரெய்டு (இதில் எம், ஆர், ஏ, ஐ, டி பெரிய எழுத்து), ஸ்டோர்சிஎல்ஐ என்ற ஃபோல்டர்களுக்குள் உட்காரும். பாத்தில் (கமாண்டுகளை ஷெல் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்) தானாகச் சேராது. முதல் கமாண்ட்:

ஸ்டோர்சிஎல்ஐ64 ஷோ

கார்டுக்கு ஒரு வரி வரும். அதில் டிஎன்ஆப்ட், விஎன்ஆப்ட் என்ற இரண்டு பத்திகள் சரியில்லாத டிஸ்க் குழுக்கள் எத்தனை, சரியில்லாத விர்ச்சுவல் டிரைவ்கள் (லினக்ஸுக்குக் கார்டு காட்டும் டிஸ்க்குகள்) எத்தனை என்று சொல்லும். இரண்டும் 0 ஆக இருக்க வேண்டும். வரியின் கடைசியில் மொத்த ஆரோக்கியம் 'ஆப்ட்' (ஆப்டிமல் என்பதன் சுருக்கம்) என்று வந்தால் நல்லது. 'நீட் அட்டென்ஷன்' என்பதன் சுருக்கம் வந்தால் ஏதோ ஒன்று கவனம் கேட்கிறது. அது பேட்டரியாகவும் இருக்கலாம். பிறகு:

ஸ்டோர்சிஎல்ஐ64 /சி0/விஆல் ஷோ
ஸ்டோர்சிஎல்ஐ64 /சி0/ஈஆல்/எஸ்ஆல் ஷோ

முன்னது விர்ச்சுவல் டிரைவ்களை, பின்னது எல்லா டிஸ்க்குகளையும் பட்டியலிடும். இரண்டிலும் மேலே 'ஸ்டேட்டஸ் சக்சஸ்' என்று வருவதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கமாண்ட் ஓடி முடிந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. அரே பாதி செத்திருந்தாலும் சக்சஸ் என்றுதான் வரும்.

டிஸ்க் பட்டியலில் ஒரு வரியை நிதானமாகப் படிப்போம்:

252:3   11   ஆன்லைன்   0   3.637 டிபி   சாட்டா   எச்டிடி

252 என்பது என்க்ளோஷர் (டிஸ்க்குகள் இருக்கும் பெட்டி) எண், 3 என்பது ஸ்லாட். அடுத்து வரும் 11 டிவைஸ் ஐடி. ஸ்லாட்டும் டிவைஸ் ஐடியும் வேறு வேறு என்பதை மனதில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும். நிலைப் பத்தியில் (திரையில் சொற்கள் சுருக்கமாக வரும்) ஆன்லைன் என்பது அரேயில் சேர்ந்து ஒழுங்காக ஓடுகிறது என்பது. ரீபில்டு என்றால் தரவு மறுபடி எழுதப்படுகிறது. ஆஃப்லைன், அன்கான்ஃபிகர்டு பேட் இரண்டும் கெட்ட செய்தி. டிஎச்எஸ், ஜிஎச்எஸ் என்றால் ஒரு டிஸ்க் போனால் அதன் இடத்தைப் பிடிக்கக் காத்திருக்கும் ஹாட் ஸ்பேர், முன்னது ஒரு குழுவுக்கு மட்டும், பின்னது எல்லாக் குழுவுக்கும் பொது. அதற்கடுத்த 0 டிஸ்க் குழுவின் எண். அந்த இடத்தில் எஃப் என்ற எழுத்து வந்தால் அந்த டிஸ்க்கில் வேறொரு கார்டின் பழைய அமைப்பு எழுதப்பட்டிருக்கிறது, அதாவது ஃபாரின். வேறு சர்வரில் பயன்படுத்திய டிஸ்க்கை மாற்றாகச் செருகிவிட்டு ஏன் ரீபில்டு தொடங்கவில்லை என்று விழிப்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ஃபாரின் அமைப்பை அழித்தால் சரியாகிவிடும். ஆனால் கேபிள் கழன்றதில் மொத்த அரேயும் ஃபாரின் ஆகியிருந்தால் அழிக்கவே கூடாது, இம்போர்ட் செய்ய (அந்த அமைப்பை அப்படியே ஏற்க) வேண்டும். '/சி0/எஃப்ஆல் ஷோ' என்று போட்டு எத்தனை டிஸ்க் அந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

விர்ச்சுவல் டிரைவ் 'ஆப்டிமல்' என்று காட்டினாலும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். ஒரு டிஸ்க் செத்து, ஹாட் ஸ்பேர் அதன் இடத்தைப் பிடித்து, இரவோடு இரவாக ரீபில்டும் முடிந்துவிட்டால் காலையில் எல்லாமே ஆப்டிமல். ஆனால் ஸ்பேர் தீர்ந்துபோயிற்று, செத்த டிஸ்க் ஸ்லாட்டிலேயே கிடக்கிறது. விர்ச்சுவல் டிரைவின் நிலையை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்டுக்கு இது தெரியவே தெரியாது. அதனால்தான் எண்ணிக்கை வைத்துச் சோதிக்க வேண்டும்: ஆன்லைன் டிஸ்க் எட்டு, ஸ்பேர் ஒன்று, விர்ச்சுவல் டிரைவ் இரண்டு என்று எதிர்பார்ப்பை எழுதிவைத்து, அதில் எது மாறினாலும் கத்த வேண்டும்.

அடுத்தது பேட்டரி. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரைட் பேக் முறையில் எழுத வேண்டிய தரவு முதலில் கார்டின் நினைவகத்துக்குப் போகும், டிஸ்க்குக்குப் பிறகு போகும். மின்சாரம் போனால் அந்தத் தரவைக் காப்பது பேட்டரி, அல்லது புதிய கார்டுகளில் சூப்பர் கெபாசிட்டரும் ஃபிளாஷும். பேட்டரி பழுதானால் கார்டு தானாக ரைட் துரூ (நேராக டிஸ்க்கிலேயே எழுதும்) முறைக்கு இறங்கிவிடும். தரவுக்கு ஆபத்தில்லை, ஆனால் எழுதும் வேகம் படுத்துவிடும். 'டேட்டாபேஸ் திடீரென்று மெதுவாகிவிட்டது, டிஸ்க் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது' என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஸ்டோர்சிஎல்ஐ64 /சி0/பிபியு ஷோ ஆல்
ஸ்டோர்சிஎல்ஐ64 /சி0/சிவி ஷோ ஆல்

முதலாவது பேட்டரிக்கு, இரண்டாவது கெபாசிட்டருக்கு. உங்கள் கார்டில் இருப்பதற்கு மட்டும் பதில் வரும், மற்றது பிழை சொல்லும், அது இயல்பு. பழைய பேட்டரிகள் அவ்வப்போது லேர்ன் சைக்கிள் என்று தம்மைத்தாமே காலிசெய்து மறுபடி நிரப்பிக்கொள்ளும். அந்த நேரத்திலும் ரைட் துரூ ஆகலாம். அதற்கெல்லாம் நடுராத்திரியில் ஆளை எழுப்ப வேண்டாம், ஒரு நாளைத் தாண்டியும் அப்படியே இருந்தால் அலர்ட் போதும். வேகம் குறைகிறதே என்று 'ஆல்வேஸ் ரைட் பேக்' போட்டுவிடுபவர்கள் உண்டு. செத்த பேட்டரியோடு அப்படி ஓட்டினால் ஒரு மின்தடையில் ஃபைல் சிஸ்டமே போய்விடும்.

கார்டின் சொந்த லாகில்தான் உண்மையான கதை இருக்கிறது:

ஸ்டோர்சிஎல்ஐ64 /சி0 ஷோ ஈவென்ட்ஸ்

அதில் 'அன்எக்ஸ்பெக்டட் சென்ஸ்' என்று தொடங்கி, 'பிடி 0பி(ஈ0எக்ஸ்எஃப்சி/எஸ்3)' என்று டிஸ்க்கைச் சொல்லி, 'சென்ஸ்: 3/11/00' என்று முடியும் வரியைப் பார்க்கலாம். சென்ஸ் என்பது டிஸ்க் தரும் பிழைக் குறியீடு. இங்கே எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கின்றன. 0பி என்பது 11, எஃப்சி என்பது 252. ஆக மேலே பட்டியலில் பார்த்த அதே 252:3, டிவைஸ் ஐடி 11. சென்ஸ் எண்ணில் முதல் 3 மீடியம் எரர், அடுத்த 11 படிக்க முடியாத செக்டர். ஒருமுறை வந்தால் குறித்துவையுங்கள். அதே டிஸ்க்கில் திரும்பத் திரும்ப வந்தால் கார்டு அதைத் தோல்வி என்று அறிவிக்கும்வரை காத்திராமல் மாற்றுங்கள். 6/29/00 என்றால் டிஸ்க் ரீசெட் ஆனது என்று பொருள். சர்வர் பூட் ஆகும்போது வந்தால் பிரச்சினை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது பல டிஸ்க்குகளில் சேர்ந்து வந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்காதீர்கள். கேபிள், பேக்பிளேன் (டிஸ்க்குகள் செருகும் பலகை), பவர் சப்ளை மூன்றையும் பாருங்கள். சென்ஸில் 5டி வந்தால் டிஸ்க் தானே 'நான் போகப்போகிறேன்' என்று சொல்கிறது.

லாகில் நேரம் தப்பாக இருந்தால் குழப்பம். பூட் ஆன சில நொடிகளுக்கு நேரத்துக்குப் பதில் 'ரீபூட்டுக்குப் பின் இத்தனை நொடி' என்றுதான் எழுதும். கார்டின் கடிகாரமே விலகியிருந்தால் '/சி0 செட் டைம்=சிஸ்டம்டைம்' போட்டால் சர்வரோடு ஒத்துப்போகும்.

மற்ற கார்டுகள் சுருக்கமாக. எச்பியில் 'எஸ்எஸ்ஏசிஎல்ஐ கன்ட்ரோல் ஆல் ஷோ ஸ்டேட்டஸ்'. இங்கே கன்ட்ரோல் என்பதைச் சுருக்கி சி, டி, ஆர், எல் என்ற நான்கு எழுத்தாகத் தட்ட வேண்டும். கன்ட்ரோலர், கேஷ், பேட்டரி மூன்றுக்கும் ஓகே வர வேண்டும். டிஸ்க்குகளுக்கு ஸ்லாட் எண்ணைச் சேர்த்து 'பிடி ஆல் ஷோ ஸ்டேட்டஸ்', விர்ச்சுவல் டிரைவ்களுக்கு 'எல்டி ஆல் ஷோ ஸ்டேட்டஸ்'. 'இன்டெரிம் ரெக்கவரி மோட்' என்று வந்தால் பயமுறுத்தாத பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அரே ஒரு டிஸ்க் இல்லாமல் நொண்டிக்கொண்டிருக்கிறது. அடாப்டெக்கில் 'ஆர்க்கான்ஃப் கெட்கான்ஃபிக் 1' எல்லாவற்றையும் கொட்டும், பின்னால் எல்டி அல்லது பிடி சேர்த்தால் அந்தப் பகுதி மட்டும். அங்கே கார்டு எண் 1 இலிருந்து தொடங்குகிறது, மெகாரெய்டில் 0 இலிருந்து. 3வேரில் 'டிடபிள்யூ_சிஎல்ஐ /சி0 ஷோ'.

கார்டு இல்லாமல் லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு என்றால் வேலை எளிது. ப்ராக் டைரக்டரியில் இருக்கும் எம்டிஸ்டாட் ஃபைலைப் படித்தால் போதும். இரண்டு டிஸ்க் மிரரில் (ஒரே தரவு இரண்டிலும்) அடைப்புக்குறிக்குள் யு யு என இரண்டு எழுத்து இருக்க வேண்டும், ஒன்றின் இடத்தில் அடிக்கோடு வந்தால் அந்த டிஸ்க் இல்லை. எம்டிஏடிஎம் கருவிக்கு மானிட்டர் முறை உண்டு. கான்ஃபிக் ஃபைலில் மெயில் முகவரி கொடுத்துவிட்டால் அதுவே எழுதும். ஆனால் ஸ்பேர் காணாமல் போனதைச் சொல்ல வேண்டுமென்றால் கான்ஃபிக்கில் அந்த அரேக்கு எத்தனை ஸ்பேர் என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

ஸ்மார்ட் தகவலை (டிஸ்க் தன் ஆரோக்கியம் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) கார்டைத் தாண்டியும் எடுக்கலாம்:

ஸ்மார்ட்சிடிஎல் -ஏ -டி மெகாரெய்டு,11 /டெவ்/எஸ்டிஏ

அந்த 11 தான் முன்பு சொன்ன டிவைஸ் ஐடி. ஸ்லாட் எண்ணைப் போட்டுவிட்டு வேறு டிஸ்க்கின் அறிக்கையைப் படித்து நல்ல டிஸ்க்கை உருவி எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. சீரியல் எண்ணை ஒப்பிட்ட பிறகே முடிவெடுங்கள். சாட்டா டிஸ்க்கில் 5, 197, 198 ஆகிய வரிகள் கெட்ட செக்டர்களைச் சொல்லும். 199 ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க்கை மாற்றிப் பயனில்லை. எச்பியில் 'சிசிஐஎஸ்எஸ்' என்றும், 3வேரில் '3வேர்' என்றும் அந்த -டி மாறும்.

இப்போது தானியங்கி அலர்ட். பலர் எழுதும் முதல் ஸ்கிரிப்ட் இப்படி இருக்கும்: ஸ்டோர்சிஎல்ஐ வெளியீட்டை சொல் தேடும் கருவியான கிரெப்புக்கு அனுப்பு, 'டிகிரேடட்' (அரே டிஸ்க் குறைந்து ஓடுகிறது) என்ற சொல் கிடைத்தால் மெயில் அனுப்பு, இல்லாவிட்டால் சும்மா இரு. கையால் ஓட்டினால் வேலை செய்யும். குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் கிரானில் போட்டால் பாத் குறுகிவிடும், ஸ்டோர்சிஎல்ஐ கிடைக்காது, கிரெப்புக்கு வெறும் காற்றுதான் போகும். வெறும் காற்றில் 'டிகிரேடட்' இருக்காது. ஆகவே எல்லாம் நலம் என்று வருடக்கணக்கில் மெயில் வராமலே இருக்கும். கார்டு மொத்தமாகத் தொங்கினாலும் இதே கதை. போதாக்குறைக்குப் பட்டியலில் டிகிரேடட் என்று முழுச்சொல் வராது, நான்கெழுத்துச் சுருக்கம்தான் வரும். பக்கத்தில் அச்சாகும் சுருக்க விளக்கத்திலோ அந்த முழுச்சொல் எப்போதும் இருக்கும். ஒன்று எப்போதும் அலறும், அல்லது ஒருபோதும் அலறாது.

தலைகீழாகச் செய்யுங்கள். கெட்டதைத் தேடாதீர்கள்; நல்லது இருக்க வேண்டிய எண்ணிக்கையில் இருக்கிறதா என்று எண்ணுங்கள், இல்லையென்றால் கத்தட்டும். கமாண்டின் கடைசியில் ஜே என்ற பெரிய எழுத்தைச் சேர்த்தால் ஜேசான் (நிரல்கள் எளிதில் படிக்கும் பெயர்-மதிப்பு வடிவம்) வடிவில் வரும். அதை ஜேக்யு கருவியால் பிரித்து ஒவ்வொரு விர்ச்சுவல் டிரைவின் நிலையையும் எடுப்பது, அட்டவணையில் பத்தி எண்ணி வெட்டுவதைவிட நம்பகமானது. அந்த மதிப்புகளின் பெயர்களில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறிக்குள் போட மறக்காதீர்கள்.

ஸ்கிரிப்டில் இவையும் வேண்டும். கருவியை முழுப் பாத்தோடு அழையுங்கள். 'டைம்அவுட் 60' என்று முன்னால் போடுங்கள், அறுபது நொடியில் பதில் வராதது தானாகவே ஒரு அலர்ட். கார்டு தொங்கும்போது கருவி கெர்னலுக்குள் சிக்கி, கொல்லவும் முடியாமல் நிற்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக அப்படிச் சேர்ந்துகொண்டே போகாமலிருக்க 'எஃப்லாக்' கொண்டு ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓடும்படி பூட்டுங்கள். கடைசியாக 'நோலாக்' சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டோர்சிஎல்ஐ ஓடும் டைரக்டரியிலெல்லாம் ஒரு லாக் ஃபைலை எழுதி வளர்த்துக்கொண்டே போகும். ஸ்டேட்டஸ் சோதனை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும், ஸ்மார்ட் நாளைக்கு ஒருமுறை. நொடிக்கு நொடி கேட்டு ஃபர்ம்வேரைத் தொந்தரவு செய்வதில் லாபமில்லை.

விடையை நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் பாணியில் தருவது நல்லது: 0 நலம், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. பலர் மூன்றை 0 போல நடத்துகிறார்கள். தெரியவில்லை என்பதும் ஒரு ஆளைப் பார்க்கச் சொல்லும் செய்திதான். ரீபில்டு, பேட்டரி லேர்ன், மீடியம் எரர் எண்ணிக்கை கூடியது ஆகியவை 1. ரீபில்டு ஓடாத நேரத்தில் ஆன்லைன் டிஸ்க் குறைந்தது, விர்ச்சுவல் டிரைவ் ஆப்டிமல் இல்லை என்பவை 2.

மெயில் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். ரூட்டுக்குப் போகும் மெயில் பல சர்வர்களில் அதே சர்வரின் உள்ளேயே ஒரு ஃபைலில் விழுந்து கிடக்கும், படிப்பார் இல்லை. அதோடு, ஆபரேட்டிங் சிஸ்டமே அந்த அரேயில்தான் இருக்கிறது என்றால் அரே விழும்போது ஸ்கிரிப்டும் ஓடாது, மெயிலும் போகாது. ஆகவே கத்துவது சர்வரின் வேலையாக மட்டும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு சோதனையின் முடிவும் வெளியில் உள்ள மானிட்டரிங் சர்வருக்குப் போகட்டும், அரைமணி நேரமாகப் புது முடிவு வரவில்லையென்றால் அந்தச் சர்வர் அலறட்டும். பிராமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் நோட் எக்ஸ்போர்ட்டரின் டெக்ஸ்ட்ஃபைல் வசதியில் முடிவை எழுதலாம். தற்காலிக ஃபைலில் எழுதி முடித்துப் பெயர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பாதி எழுதியதை அது படித்துவிடும். அந்த ஃபைல் எப்போது கடைசியாக மாறியது என்பதற்கும் ஒரு அலர்ட் வையுங்கள்.

ஒரு டிஸ்க் போன பிறகு இரண்டாவது டிஸ்க் ரீபில்டின்போது போவதைப் பலர் துரதிர்ஷ்டம் என்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாவது டிஸ்க் அன்றைக்குக் கெடவில்லை. மாதக்கணக்கில் யாரும் படிக்காத மூலையில் கெட்ட செக்டர் இருந்திருக்கும், ரீபில்டு மொத்த டிஸ்க்கையும் படிக்கும்போதுதான் வெளிப்படுகிறது. சாதாரண சாட்டா டிஸ்க்குகளின் விவரக்குறிப்பில் 10¹⁴ பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை வரை ஏற்கத்தக்கது என்றே போட்டிருப்பார்கள். அது 12.5 டெராபைட். இதற்குத்தான் பேட்ரோல் ரீடும் (டிஸ்க்குகளை அவ்வப்போது முழுதாகப் படித்துப் பார்ப்பது) கன்சிஸ்டன்சி செக்கும் (அரேயின் தரவு ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது). '/சி0 ஷோ பேட்ரோல்ரீட்' என்று கேட்டு அது ஆன் ஆகியிருக்கிறதா, கடைசியாக எப்போது ஓடியது என்று பாருங்கள். அணைத்துவைத்திருந்தால் கண்காணிப்பு முழுக்க ஒற்றைக் கண்ணோடுதான் நடக்கிறது.

அலர்ட் வந்து டிஸ்க்கை மாற்றப் போகும்போது '/சி0/ஈ252/எஸ்3 ஸ்டார்ட் லொக்கேட்' போட்டால் அந்த ஸ்லாட்டின் விளக்கு மின்னும். பக்கத்து டிஸ்க்கை உருவுவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. மாற்றியபின் 'ஸ்டாப் லொக்கேட்'. அதே முகவரியோடு 'ஷோ ரீபில்டு' போட்டால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று தெரியும். கார்டு கூவிக்கொண்டிருந்தால் '/சி0 செட் அலாரம்=சைலன்ஸ்'. 'ஆஃப்' என்று போட்டுவிட்டால் அடுத்த முறையும் கூவாது, பெரும்பாலோர் செய்யும் தவறு அதுதான்.

எல்லாம் போட்டபின் ஒருமுறை நிஜமாகச் சோதியுங்கள். எம்டிஏடிஎம்மில் மானிட்டரோடு ஸ்கேன், ஒன்ஷாட், டெஸ்ட் என்று சேர்த்தால் ஒவ்வொரு அரேக்கும் ஒரு சோதனை மெயில் வரும். ஹார்ட்வேர் கார்டுக்கு அப்படி வசதியான பொத்தான் இல்லை. ஸ்கிரிப்டில் எதிர்பார்க்கும் டிஸ்க் எண்ணிக்கையை ஒன்று கூட்டிவைத்து அலர்ட் கைபேசிவரை வந்து சேர்கிறதா என்று பார்ப்பது பாதுகாப்பான வழி. முக்கியத் தரவு இல்லாத சோதனை சர்வர் இருந்தால் மட்டும் ஒரு டிஸ்க்கை 'செட் ஆஃப்லைன்' செய்து பார்க்கலாம். திரும்பக் கொண்டுவரும்போது 'செட் ஆன்லைன்' போட்டுவிடாதீர்கள். இடைப்பட்ட நேரத்தில் மற்ற டிஸ்க்குகளில் எழுதப்பட்டது இந்த டிஸ்க்கில் இல்லை, கார்டு பழைய தரவை உண்மை என்று நம்பிப் பரிமாறத் தொடங்கிவிடும். 'ஸ்டார்ட் ரீபில்டு' போட்டு முழுவதும் எழுதி முடிக்க விடுங்கள். அந்த நேரம் முழுக்க உங்கள் ஸ்கிரிப்ட் 'எச்சரிக்கை' என்று சொல்லிக்கொண்டிருந்து, முடிந்தவுடன் தானாக 'நலம்' என்று மாறுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.